மாலைக்கு மூன்று கட்டம்

குறுக்கெழுத்தில் ‘மாலை (3)’ என்று, அதாவது மூன்று கட்டத்தில் விடை கேட்டு, ஒரு குறிப்பு வந்தால் முதலில் என்ன தோன்றும்? எனக்கு ‘அந்தி’தான் தோன்றியது. பேனாவாலேயே எழுதிவிட்டேன். அதன் பிறகு மேலிருந்து கீழ் ஒன்றுகூட நகரவில்லை. பக்கத்தில் இருந்த என் மாமனார் எட்டிப் பார்த்தார். அவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். “ஏம்மா, மாலைன்னா பொழுது மட்டும்தானா? கழுத்துல போடுறதும் மாலைதானே?” என்றார். அன்றைக்கு அவர் காட்டித்தந்த வழியைத்தான் இன்றுவரை பின்பற்றுகிறேன்.

முதலில் பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுங்கள். குறிப்பில் உள்ள சொல்லுக்கு எத்தனை பொருள் உண்டோ, அத்தனையையும் ஓரத்தில் தனித்தனியாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே அதே பொருள் தரும் சொற்களையும் எழுதி, எழுத்தை எண்ணுங்கள். புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. பொழுது என்றால் அந்தி, மூன்று. சூடுவது என்றால் தார், இரண்டு. ஆரம், கண்ணி, மூன்று. தெரியல், தொடையல், நான்கு. ஆக, மூன்று கட்டத்துக்குப் போட்டி அந்தி, ஆரம், கண்ணி மூன்றுக்கும்தான்.

இதில் எது என்று அகராதி சொல்லாது, கட்டம் சொல்லும். தமிழில் எந்த எழுத்து சொல்லுக்கு முதலில் வரும், எது வராது என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கேதான் கைகொடுக்கிறது. இரண்டாவது கட்டத்தில் மேலிருந்து கீழ் ஒரு சொல் தொடங்குகிறதா? ந், ண் இரண்டிலும் எந்தச் சொல்லும் தொடங்காது. ‘ர’வும் இலக்கணப்படி முதலில் வராதுதான்; ஆனால் வழக்கில் ‘ரதம்’, ‘ரசம்’ மாதிரி ஏதாவது இருக்கலாம். அப்படியென்றால் ஆரம். மூன்றாவது கட்டத்தில் தொடங்குகிறதா? ‘ம்’ வராது, ‘ணி’யும் வராது. அந்திதான். முதல் கட்டம் இன்னொரு சொல்லின் நடுவில் இருக்கிறதா? அ, ஆ போன்ற உயிரெழுத்து சொல்லின் நடுவே வராது. மிஞ்சுவது கண்ணி.

பொருள்கள் சட்டென்று நினைவுக்கு வராவிட்டால் நிகண்டை, அதாவது செய்யுளில் எழுதிய பழைய அகராதியை, பாருங்கள். சூடாமணி நிகண்டின் பதினோராவது தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள் சொல்வதுதான். அதில் சொற்களை எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து, அடுக்கியிருக்கிறார்கள். குறுக்கே வரும் சொல்லால் இரண்டாம் எழுத்து மட்டும் தெரிந்து, முதல் எழுத்து பிடிபடாமல் இருக்கும்போது இது எவ்வளவு பெரிய உதவி! செய்யுளை மனப்பாடம் செய்ய வைத்த வரிசை எனக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பயன்படுவதை நினைத்தால் மனம் நிறைகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் (1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது) இப்போது சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இருக்கிறது. தலைச்சொல்லில் மட்டுமல்ல, விளக்கத்துக்குள்ளும் தேடலாம். ஒரு எச்சரிக்கை: ‘மாலை’ என்று விளக்கத்தில் தேடினால் பூமாலையும் மாலைநேரமும் கலந்துதான் வரும். இரண்டு சொற்களின் விளக்கத்தில் ஒரே சொல் இருப்பதால் மட்டும் அவை ஒரே பொருள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விளக்கத்தை முழுதாகப் படியுங்கள்.

அப்புறம், குறிப்பு பெயரா வினையா என்றும் பாருங்கள். ‘படி’ ஏறுவதாகவும் இருக்கலாம், அளப்பதாகவும் இருக்கலாம், வாசிக்கச் சொல்வதாகவும் இருக்கலாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னைத் தடுத்த மேலிருந்து கீழ்க் குறிப்பு, ‘கார்த்திகைக்கு ஏற்றும் விளக்கு (3)’. அதன் நடுக்கட்டத்தில்தான் என் அந்தியின் ‘அ’ உட்கார்ந்திருந்தது. அதை அழித்துக் ‘கண்ணி’ என்று எழுதப்போனேன். ‘க’ விழுந்ததுமே மாமா, “அகல்!” என்றார்.