ஒளி வளையத்தில் நுண்மணியை ஓட வைப்பது எப்படி

லேசர் கற்றைக்கு வடிவம் கொடுக்கும் திரவப் படிகத் திரை (ஆய்வகத்தில் எல்லோரும் எஸ்.எல்.எம். என்பார்கள்) கைக்கு வந்ததும் முதல் நாளே ஒளியை வளையமாக்கும் சுழல் வடிவத்தை ஏற்றிப் பார்க்கத்தான் மனம் துடிக்கும். கொஞ்சம் பொறுங்கள். வடிவம் எதுவும் இல்லாத சாதாரணக் கற்றையால், தண்ணீரில் மிதக்கும் ஒரு நுண்ணிய பிளாஸ்டிக் மணியை முதலில் பிடித்துக் காட்டுங்கள்.

பிடிப்பு எங்கிருந்து வருகிறது? பாலிஸ்டைரீன் மணியின் ஒளிவிலகல் எண் 1.57 அளவில் இருக்கும், தண்ணீருக்கு 1.33. மணிக்குள் புகுந்து வளையும் ஒளியின் உந்தம் மாறுகிறது, அதற்கு ஈடாக மணி வெளிச்சம் அதிகமுள்ள பக்கம் இழுபடுகிறது. அதே ஒளி மணியை முன்னே தள்ளவும் செய்யும். இழுப்பு தள்ளலை வெல்ல, கற்றையை மிகக் கூர்மையாகக் குவிக்க வேண்டும். பெல் ஆய்வகத்தில் ஆர்தர் ஆஷ்கின் குழு 1986-இல் ஒற்றைக் கற்றையால் இதைச் சாதித்தது, 2018-இல் 96 வயதில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே என்.ஏ. (ஒளியை எவ்வளவு அகன்ற கோணத்தில் குவிக்கிறது என்பதன் அளவு) 1.2-க்குக் குறையாத ஆப்ஜெக்டிவ், அதாவது நுண்ணோக்கியின் பொருளருகு லென்ஸ் வேண்டும், கற்றை அதன் பின்வாயை (ஒளி நுழையும் பின்பக்கத் திறப்பை) முழுக்க நிரப்ப வேண்டும். கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே எண்ணெய் வைக்கும் ஆப்ஜெக்டிவ் என்றால் கண்ணாடியை ஒட்டி, சில மைக்ரான் ஆழத்திலேயே பிடியுங்கள். உள்ளே போகப் போகக் குவியம் கலங்கிவிடும். 1064 நானோமீட்டர் லேசர் கண்ணுக்குத் தெரியாது, அதனால்தான் அது ஆபத்து. அந்த அலைநீளத்துக்கான கண்ணாடி அணியாமல் மேசைப் பக்கமே போகாதீர்கள்.

மாதிரி தயாரிப்பது எளிது. ஸ்லைடுக்கும் கவர்ஸ்லிப்புக்கும் நடுவே இருபக்க டேப், அதில் 1 அல்லது 2 மைக்ரான் மணிகள் மிக நீர்த்த நிலையில், ஓரத்தை அடைக்க நகப்பூச்சு. மணிகள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் துளி டுவீன்-20 (சோப்பு போன்ற ஒரு திரவம்) சேருங்கள்.

மணி சிக்கியதும் அதன் நடுக்கத்தை அளந்துவிடுங்கள். அறை வெப்பத்தில் வெப்ப ஆற்றல் சுமார் 4.1 பிகோநியூட்டன்-நானோமீட்டர், அதை இருப்பிட விலகலின் சராசரி வர்க்கத்தால் வகுத்தால் பொறியின் (மணியைப் பிடித்திருக்கும் ஒளிக்குவியத்தின்) விறைப்பு கிடைக்கும். நடுக்கம் 20 நானோமீட்டர் என்றால் விறைப்பு ஏறத்தாழ 0.01 பிகோநியூட்டன்/நானோமீட்டர். இந்த எண்ணைக் குறித்து வையுங்கள், பின்னால் ஏதாவது கெட்டுப்போனால் ஒப்பிட இதுதான் இருக்கும்.

சரி, இப்போது திரைக்கு வருவோம். லேசரின் தளவிளைவு (ஒளி அலை அதிரும் திசை) திரையின் அச்சோடு ஒத்துப்போகிறதா என்று அந்தத் திசையைத் திருப்பும் அரை அலைத் தகட்டைத் திருப்பிப் பாருங்கள். சாம்பல் அளவு 0 முதல் 255 வரை போகும்போது கட்டம் (அலை தன் சுற்றில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது) சரியாக 360 டிகிரி மாறும்படி உங்கள் அலைநீளத்துக்கே அளவுதிருத்தம் செய்யுங்கள். இரண்டு லென்ஸ் வைத்து, திரையின் பிம்பம் ஆப்ஜெக்டிவின் பின்வாயில் விழச் செய்யுங்கள். மையத்தைச் சுற்றி ஒருமுறை வந்தால் கட்டம் எத்தனை முழுச் சுற்று ஏறுகிறதோ அதுதான் சுழல் எண். அதன்மேல் ஒரு சாய்வுக் கீற்றணியையும் (ஒளியைத் திசைதிருப்பும் கோடுகளின் வரிசை) சேர்த்தால் வடிவம் பெற்ற கற்றை ஒரு பக்கம் விலகும், நடுவில் எஞ்சும், வடிவம் பெறாத ஒளிப் புள்ளியை மறைத்துவிடலாம்.

இதுவரை சரியாக வந்தால் கேமராவில் நடு இருண்ட வளையம் தெரியும். லேசரை நன்றாகக் குறைத்து, கேமராவின் அகச்சிவப்பு வடிகட்டியைக் கழற்றி, கவர்ஸ்லிப்பில் பட்டுத் திரும்பும் ஒளியில் பாருங்கள். பெரும்பாலும் வளையம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும்தான் இருக்கும். இங்கேதான் பொறுமை வேண்டும். இரண்டு வாரமாக என் மணி வளையத்தின் ஒரே மூலையில் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது, நான் லேசர் சக்தியை ஏற்றிக்கொண்டே இருந்தேன், அந்தப் பிரகாசமான மூலை இன்னும் ஆழமானதுதான் மிச்சம். சுழல் எண்ணை 1-க்குக் குறைத்து, திரையில் ஏற்றும் கட்டப் படத்தில் அஸ்டிக்மாட்டிசத் (இரு திசைகளில் குவியம் வேறுபடும் பிழை) திருத்தத்தைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, வளையம் சீராகும்வரை மாற்றியதும் விஷயம் முடிந்தது.

அப்புறம் எண்ணை 10 பக்கம் ஏற்றினால் வளையம் விரியும். விரிந்த வளையத்துக்கு மேலே கீழே பிடிக்கும் வலு குறைவு என்பதால் மணியை மேல் கண்ணாடிக்கு மிக அருகில் ஓடவிடுவது நல்லது. ஒளியின் சுற்றுந்தம் (சுழற்றும் உந்தம்) பொருளுக்குப் போவதை 1995-இல் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் ஒளியை உறிஞ்சும் துகள்களைச் சுழற்றிக் காட்டினார்கள். உங்கள் தெளிந்த மணி ஒளியைச் சிதறடித்தே அந்த உந்தத்தைப் பெற்று வளையத்தில் ஓடும். சுழல் எண்ணின் குறியை மாற்றுங்கள், எதிர்ப்பக்கம் ஓட வேண்டும். ஓடவில்லை என்றால் அதை இழுத்துக்கொண்டிருந்தது மாதிரிக்குள் இருக்கும் நீரோட்டம், ஓரத்து நகப்பூச்சில் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்.