எட்டு அணிகள், நான்கு நடுவர்கள்: சென்னையில் சிறார் கால்பந்து லீக்கிற்கு அட்டவணை போடும் முறை

சிறுவர்களுக்காக லீக் நடத்த முன்வருபவர்கள் பெரும்பாலும் அணிகளின் பெயர்களை எழுதி, மைதானத்தைப் பேசி முடித்து, கோப்பைக்கு ஆள் பிடித்துவிட்டு, கடைசி வாரத்தில்தான் நடுவர்களைத் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். முதல் ஆண்டில் ஒரே ஞாயிறன்று 12 ஆட்டங்களை வைத்தோம். வருவதாகச் சொன்ன ஐந்து நடுவர்களில் மூவர்தான் வந்தார்கள். அவர்களில் ஒருவர் வெயிலில் தொடர்ந்து ஆறு ஆட்டங்களுக்கு விசில் ஊதினார். ஆறாவது ஆட்டத்தில் அவரால் நடுவட்டத்தைத் தாண்டி ஓட முடியவில்லை. முப்பது மீட்டர் தொலைவிலிருந்து அவர் கொடுத்த ஒரு கோலுக்காகப் பெற்றோர் மைதானத்துக்குள் இறங்கினார்கள். அன்று எல்லோரும் நடுவரின் தரத்தைத் திட்டினோம், ஆனால் தவறு அட்டவணையில் இருந்தது, அதைப் போட்டவன் நான்.

ஆகவே இந்த வழிகாட்டியில் வேலையின் வரிசையைத் தலைகீழாக்கியிருக்கிறேன். முதலில் நடுவர்களை எண்ணுங்கள். ஒரு நடுவர் ஒரு காலையில் இரண்டு ஆட்டங்களுக்குக் களத்தின் நடுவிலும் ஓர் ஆட்டத்துக்குத் துணை நடுவராகக் கோட்டிலும் நிற்கலாம். அதற்கு மேல் நிற்க வைத்தால் பந்துக்கு அருகில் ஓடுவது நின்றுவிடும். சிறுவர் ஆட்டத்துக்கு ஒரு நடுவரும் ஒரு துணை நடுவரும் இருந்தால் போதும் என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது: வருவதாகச் சொன்னவர்களில் ஒருவரைக் கழித்துவிட்டு, மீதி எண்ணிக்கையை மூன்றால் பெருக்கி இரண்டால் வகுங்கள். நான்கு பேர் சொன்னால் மூவர் என்று கொள்ளுங்கள். ஒன்பதில் பாதி நான்கரை, அதாவது நான்கு ஆட்டங்கள். எட்டு அணிகள் கொண்ட ஒரு வயதுப் பிரிவின் ஒரு சுற்றுக்குச் சரியாக அவ்வளவுதான் தேவை. இரண்டாவது வயதுப் பிரிவைச் சேர்க்க ஆசைப்பட்டால் முதலில் நடுவர் எண்ணிக்கையை ஏழாக்குங்கள், பிறகு ஆசைப்படலாம்.

பருவத்தை எங்கே பொருத்துவது

சென்னையில் ஆண்டு முழுவதும் பந்து உருளும் என்றாலும், சிறுவர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; நகரம் பெறும் மழையின் பெரும்பகுதி இந்த மூன்று மாதங்களில்தான் கொட்டுகிறது, மண் மைதானங்கள் குளமாகின்றன, தீபாவளியும் அரையாண்டுத் தேர்வும் கிறிஸ்துமஸும் அதற்குள்ளேயே வந்துவிடுகின்றன. ஏப்ரலில் ஆண்டுத் தேர்வு. மே மாதம் அக்னி நட்சத்திரம். அப்போது சிறுவர்களை முழு நீள ஆட்டம் ஆட வைப்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன், கோடைப் பயிற்சி முகாமுக்கு மட்டும் அதிகாலையை ஒதுக்கலாம். மிஞ்சுவது இரண்டு சாளரங்கள். ஒன்று ஜூன் கடைசி ஞாயிறு தொடங்கி செப்டம்பர் காலாண்டுத் தேர்வுக்கு முன்பு வரை, மற்றொன்று பொங்கல் முடிந்த ஞாயிறு தொடங்கி மார்ச் நடு வரை.

எட்டு அணிகள் ஒருவரையொருவர் ஒருமுறை சந்திக்க ஏழு சுற்றுகள், 28 ஆட்டங்கள். இருமுறை சந்திக்க 14 சுற்றுகள், 56 ஆட்டங்கள். முதல் சாளரத்தில் ஏழு சுற்றுகளையும் இரண்டு இருப்பு ஞாயிறுகளையும், இரண்டாவதில் ஏழு சுற்றுகளையும் ஓர் இருப்பு ஞாயிறையும் வையுங்கள். இருப்பு ஞாயிறு என்பது எந்த ஆட்டமும் எழுதப்படாத நாள். அதைக் காலியாக விட்டுவைக்க மனம் வராது, யாராவது ஒரு நட்பு ஆட்டத்தைக் கேட்பார்கள், கொடுத்துவிடாதீர்கள். 13 வயதுக்குட்பட்டோருக்கு இந்த இரு சாளரங்களும் பொருந்தும். 15, 17 வயதுப் பிரிவுகளில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் இருப்பார்கள். செய்முறைத் தேர்வும் பொதுத் தேர்வும் பிப்ரவரியிலிருந்தே அவர்களை இழுத்துக்கொள்ளும் என்பதால், அந்தப் பிரிவுகளை ஒரே முறை சந்திக்கும் லீக்காக முதல் சாளரத்திலேயே முடித்துவிடுவது நல்லது.

தேதிகளை எழுதும் முன் பள்ளிகளின் குறுவட்டப் போட்டி, வருவாய் மாவட்டப் போட்டி, முதலமைச்சர் கோப்பை ஆகியவற்றின் நாள்களை உடற்கல்வி ஆசிரியர்களிடம் கேட்டு வாங்குங்கள். ஆட்டக்காரர்கள் மட்டுமல்ல, நடுவர்களும் அங்கே அழைக்கப்படுவார்கள். ஆகஸ்ட் 15-ஐயும் ஜனவரி 26-ஐயும் ஒட்டிய வார இறுதிகளில் பேட்டைக்குப் பேட்டை ஒரு நாள் ஃபைவ்ஸ் (அணிக்கு ஐந்து பேர்) போட்டிகள் நடக்கும். நாள் முழுவதும் விசில் ஊதினால் கூடுதல் படி கிடைக்கும் இடத்துக்கு நடுவர் போவதில் குற்றமொன்றும் இல்லை, அந்த ஞாயிறுகளை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம்.

காலை நேரம்

அணிக்கு ஒன்பது பேர் ஆடும் ஆட்டத்துக்கு ஒரு முழு மைதானத்தைக் குறுக்கே இரண்டாகப் பிரித்தால் இரண்டு ஆடுகளங்கள் கிடைக்கும். 100 மீட்டர் நீளமும் 64 மீட்டர் அகலமும் கொண்ட திடலில், நடுவே நான்கு மீட்டர் இடைவெளி விட்டு, 64-க்கு 48 மீட்டர் அளவில் இரண்டு களங்களைச் சுண்ணாம்பால் வரைந்துகொள்ளலாம். பந்து நான்காம் எண். 25 நிமிடங்களாக இரு பாதிகள், பத்து நிமிட இடைவேளை. ஓர் ஆட்டத்துக்கு 75 நிமிடங்கள் ஒதுக்கினால் முந்தைய ஆட்டத்தின் தாமதம் அடுத்ததைத் தின்னாது. ஜூன், ஜூலையில் ஆறு மணிக்கு முன்பே வெளிச்சம் வந்துவிடுவதால் 6:30-க்கும் 7:45-க்கும் தொடங்கலாம். ஒன்பது மணிக்குள் சிறுவர்கள் நிழலுக்குப் போய்விடுவார்கள். ஜனவரியில் 6:30 மணியளவில்தான் சூரியன் தலைகாட்டும், புல் நனைந்திருக்கும், எனவே முதல் ஆட்டத்தை ஏழு மணிக்குத் தள்ளுங்கள்.

யாருக்கு எந்த நேரம் என்பதிலும் கொஞ்சம் மனிதத்தன்மை வேண்டும். ராயபுரம், காசிமேடு பக்கத்து அணிகளில் பல பிள்ளைகளுக்கு ஞாயிறு காலைத் திருப்பலியும் மறைக்கல்வி வகுப்பும் உண்டு. எந்த அணிக்கு எந்த நேரம் ஒத்துவரும் என்று பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிட்டால் பின்னால் தொலைபேசி ஓயும். இப்போதைய சில ஆண்டுகளாக ரமலான் மாதம் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி வருவதால், நோன்பு வைக்கும் சிறுவர்களும் நடுவர்களும் உள்ள ஆட்டங்களை முதல் நேரத்தில் வைப்பது நியாயம்.

சுழற்சி முறையில் இணை சேர்த்தல்

அணிகளுக்குக் குலுக்கல் முறையில் ஒன்று முதல் எட்டு வரை எண் கொடுங்கள். முதல் சுற்றில் 1-8, 2-7, 3-6, 4-5. பிறகு ஒன்றாம் எண்ணை அசையாமல் நிறுத்தி, மற்ற ஏழையும் ஒரே திசையில் ஓரிடம் நகர்த்தினால் இரண்டாம் சுற்று 1-7, 8-6, 2-5, 3-4 என்று வரும்; மூன்றாம் சுற்று 1-6, 7-5, 8-4, 2-3. இப்படியே மொத்தம் ஆறு முறை நகர்த்தினால் ஏழு சுற்றுகளும் முடியும், எந்த இணையும் மீண்டும் வராது. ஏழு அணிகளே இருந்தால் எட்டாம் எண்ணைக் காலியாக விடுங்கள், அதனுடன் சேர்பவருக்கு அன்று ஓய்வு. ஓய்வில் இருக்கும் அணியின் பெரியவர்கள் அன்றைய கோடு வரைதல், பந்து பொறுக்குதல், வலை கட்டுதல் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விதியில் எழுதிவிட்டால் அமைப்பாளரின் முதுகு தப்பும்.

இதன் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் வரையுங்கள்: எந்த நடுவர் எந்த அணியின் ஆட்டத்தில் எத்தனை முறை நின்றார் என்பதற்கு. ஏழு சுற்றுகளில் ஒரே அணிக்கு ஒரே நடுவர் இரண்டு முறைக்கு மேல் நடுவில் வரக்கூடாது. வியாசர்பாடியிலோ பெரம்பூரிலோ நடுவரும் பயிற்சியாளரும் ஒரே அணியில் ஆடி வளர்ந்தவர்களாக இருப்பது சாதாரணம். அதற்காக யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை, ஆனால் தன் மகனோ தன் பயிற்சிக்கூடமோ ஆடும் ஆட்டத்துக்கு அவரை அனுப்பாமல் இருப்பது அவருக்கே பாதுகாப்பு.

நான்கு நடுவர்களில் முதல் நேரத்தில் இருவர் நடுவில், இருவர் கோட்டில். இரண்டாம் நேரத்தில் இடம் மாறிக்கொள்வார்கள். ஒரு களத்துக்கு ஒரே துணை நடுவர் என்றால் ஒரு பக்கத்து ஆஃப்சைடை மட்டுமே அவரால் பார்க்க முடியும். இடைவேளைக்குப் பின் அணிகள் பக்கம் மாறுவதால் இரு தரப்புக்கும் அது சமமாகவே அமைகிறது. எதிர்க்கோட்டில் அணிகளிடமிருந்து ஒருவரை நிறுத்தினால், அவர் பந்து வெளியே போனதற்கு மட்டும் கொடி தூக்க வேண்டும். ஆஃப்சைடு அவர் வேலையல்ல என்பதை ஆட்டத்துக்கு முன்பே இரு பயிற்சியாளர்களின் காதிலும் விழும்படி சொல்லிவிடுங்கள்.

எல்லா நடுவர்களும் ஒரே விதியை ஊத

சிறுவர் லீக்கில் சண்டை வருவது பெரும்பாலும் தவறான முடிவால் அல்ல, போன வாரம் ஒருவர் ஒருமாதிரியும் இந்த வாரம் இன்னொருவர் வேறுமாதிரியும் கொடுப்பதால். பருவம் தொடங்குவதற்கு முந்தைய ஞாயிறு, மைதானத்திலேயே மூன்று மணி நேரம் நடுவர்களையும் பயிற்சியாளர்களையும் ஒன்றாக உட்கார வையுங்கள். உலகக் கால்பந்து விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அமைப்பு வெளியிடும் ஆட்ட விதிகள் ஆண்டுதோறும் மாறுகின்றன, நம்மில் பலர் தாங்கள் ஆடிய காலத்து விதியையே வைத்திருக்கிறோம். கோல் கிக்கில் பந்து பெனால்ட்டி பகுதியைத் தாண்ட வேண்டியதில்லை, உதைத்து அசைந்ததுமே ஆட்டத்தில் இருக்கிறது என்பது 2019-இல் வந்த மாற்றம்; இன்றும் அதை மறுபடி உதைக்கச் சொல்லும் நடுவர்கள் உண்டு. அதே ஆண்டில், நின்ற ஆட்டத்தை நடுவர் பந்தைக் கீழே விட்டுத் தொடங்கும் டிராப் பாலும் மாறியது: இரு தரப்பும் முட்டிக்கொள்ளும் பழக்கம் ஒழிந்து, ஓர் அணிக்கு மட்டுமே பந்து கொடுக்கப்படுகிறது. கோல்கீப்பர் எட்டு வினாடிக்கு மேல் கையில் பந்தை வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்பது 2025-இல் வந்தது; கடைசி ஐந்து வினாடிகளை நடுவர் கையை உயர்த்தி விரல்களால் காட்ட வேண்டும். 13 வயதுக் கோல்கீப்பருக்கு இதைக் கண்டிப்பாக ஊதலாமா, முதல் முறை எச்சரிக்கலாமா என்பதை அன்றே முடிவு செய்து எழுதி வையுங்கள். எந்த முடிவானாலும் பரவாயில்லை, நால்வருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

சிறார் ஆட்டத்துக்கென விதிகளைத் தளர்த்த ஐஎஃப்ஏபி இடம் கொடுக்கிறது. வெளியே போன ஆட்டக்காரர் மீண்டும் உள்ளே வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆட வாய்ப்புக் கிடைக்கும். மஞ்சள் அட்டையுடன் தற்காலிக வெளியேற்றமும் வைப்பதானால் அதன் நேரம் மொத்த ஆட்டத்தில் 10 முதல் 15 சதவீதம் என்பது வழிகாட்டுதல். 50 நிமிட ஆட்டத்துக்கு ஆறு நிமிடங்கள் பொருந்தும். தவறாகப் பேசிய சிறுவன் ஆறு நிமிடம் பயிற்சியாளரின் பக்கத்தில் உட்கார்ந்து எழுவதில் கிடைக்கும் பலன், வெறும் அட்டையில் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம். வெயிலில் ஒவ்வொரு பாதியின் நடுவிலும் ஒரு நிமிடம் தண்ணீர் குடிக்க நிறுத்தலாம். வெப்பம் கடுமையானால் 90 வினாடி முதல் மூன்று நிமிடம் வரை குளிர்விப்பு இடைவேளையும் உண்டு.

ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் கோல் கம்பங்களைத் தன் கையால் ஆட்டிப் பார்க்க வேண்டும். தூக்கி வைக்கும் இரும்புக் கம்பங்கள் சரிந்து விழுந்தால் உயிருக்கே ஆபத்து, எனவே பின்புறம் மணல் மூட்டையோ முளையோ இல்லாமல் விசில் ஊதக்கூடாது. அடுத்து ஷின் கார்டு எனப்படும் கீழ்க்கால் காப்பு, பிறகு நகைகள். தாயத்து, காசிக் கயிறு, கடுக்கன், மூக்குத்தி எல்லாமே இந்த இடத்தில் ஒன்றுதான், கழற்றியாக வேண்டும். மேலே ஒட்டுநாடா சுற்றிக்கொள்வதை எங்கள் லீக்கில் ஏற்பதில்லை. கோயிலில் கட்டிய கயிற்றைக் காலை ஆறரை மணிக்கு அவிழ்க்கச் சொன்னால் எந்தத் தாய்க்கும் கோபம் வரும். அந்தச் செய்தி பதிவுப் படிவத்தில் தடித்த எழுத்தில் இருந்தால் நடுவர் அந்தக் கோபத்தைச் சுமக்க வேண்டியதில்லை. வயதுச் சான்று சரிபார்ப்பதும் இப்படியே, பருவத்துக்கு முன்பு அமைப்பாளர் முடிக்க வேண்டிய வேலை, ஆட்ட நாளில் நடுவருடையது அல்ல.

படி, பார்வை, புகார்

நடுவர் படியை அணிகளின் நுழைவுக் கட்டணத்தில் சேர்த்து வாங்கி, ஆட்டம் முடிந்த அன்றே நீங்களே ஜிபே மூலம் அனுப்புங்கள். களத்தின் ஓரத்தில் இரு பயிற்சியாளர்களும் பணத்தை எண்ணிக் கொடுக்கும் பழக்கம் இருக்கும்வரை, தோற்றவர் கொடுத்த பணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டேயிருப்பார். மழையால் ஆட்டம் நின்றாலும் வந்தவருக்குப் பாதிப் படி உண்டு என்று எழுதுங்கள். இல்லாவிட்டால் அடுத்த மேகமூட்டத்தில் அவர் வர மாட்டார்.

ஓய்வுபெற்ற மூத்த நடுவர் ஒருவரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அழைத்து, ஓர் இளம் நடுவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் மூன்றே விஷயங்களை எழுதினால் போதும்: தவறு நடந்தபோது நடுவர் எவ்வளவு தூரத்தில் நின்றார், விசில் தயங்காமல் வந்ததா, சிறுவர்களிடம் எந்தத் தொனியில் பேசினார். அந்தத் தாளை அந்த நடுவருக்கு மட்டும் காட்ட வேண்டும். பயிற்சியாளர்கள் புகார் சொல்ல விரும்பினால் 24 மணி நேரம் கழித்து, எழுத்தில், அணியின் பெயருடன் அனுப்பட்டும். எங்கள் குழுவில் ஞாயிறு மதியம் தட்டச்சு செய்யப்பட்ட கோபங்களில் பாதி திங்கள் மாலைக்குள் ஆறிவிட்டன.

மழை நாளில் முடிவெடுக்க ஒரே ஆள் இருக்க வேண்டும், காலை 5:30-க்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். தோளுயரத்திலிருந்து விட்ட பந்து எழும்பாமல் ஒட்டிக்கொண்டால் அந்தக் களத்தில் ஆட வேண்டாம். இடி கேட்டால் உடனே நிறுத்தி எல்லோரையும் கட்டடத்துக்குள் அனுப்பி, கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடங்கள் காத்திருங்கள். தள்ளிவைத்த ஆட்டம் முதல் இருப்பு ஞாயிறுக்குப் போகிறது, பேரம் கிடையாது. கடைசிச் சுற்றில் பட்டத்தைத் தீர்மானிக்கும் ஆட்டங்களை இரு களங்களிலும் ஒரே நேரத்தில் தொடங்குங்கள். முந்தைய முடிவைப் பார்த்துவிட்டு ஆடும் வாய்ப்பு யாருக்கும் இருக்கக்கூடாது. முதல் சாளரம் முடிந்து, அக்டோபர் மழை தொடங்குவதற்குள், நடுவர் கட்டத்தை எடுத்துப் பாருங்கள்: மூன்று ஞாயிறுகளுக்கு மேல் வராமல் போனவர் யார், யார் பெயருக்கு எதிரே ஒரே காலையில் மூன்று ஆட்டங்களுக்கு மேல் விழுந்திருக்கிறது என்று. ஜனவரிக்கு எத்தனை அணிகளைச் சேர்க்கலாம் என்பதை அந்தத் தாளிலிருந்துதான் எழுத வேண்டும்.