பிட்ச் பெண்ட் எல்லை: சாம்பிள் கருவிகளில் சுருதி தப்பும் இடங்கள்

கீபோர்டின் பிட்ச் பெண்ட் வீலை (சுரத்தை வளைக்கும் சக்கரத்தை) முழுக்க மேலே தள்ளினால் சுரம் எவ்வளவு ஏறும்? கீபோர்டும் கணினியும் பேசிக்கொள்ளும் மொழியான மிடியிடம் இதற்குப் பதில் கிடையாது. மிடி அனுப்புவது 0 முதல் 16383 வரை ஓர் எண்ணை மட்டுமே; வீல் நடுவில் நின்றால் 8192. அந்த எண்ணைச் செமிடோனாக்குவது (செமிடோன் என்பது அடுத்தடுத்த இரு விசைகளின் இடைவெளி) கருவியின் வேலை. வீலை முழுக்கத் தள்ளினால் எத்தனை செமிடோன் என்பதுதான் எல்லை. ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தில் இயல்பான அளவு மேலே 2, கீழே 2 செமிடோன். பதிவான ஒலிகளை வைத்து இசைக்கும் சாம்பிள் கருவிகள் எல்லாம் இதைப் பின்பற்றுவதில்லை. ஒன்றில் 2, இன்னொன்றில் 12, கிட்டார் ஒன்றில் மேலே 2 கீழே 12 என்றுகூட இருக்கும்.

அதனால், வாசித்து முடித்த பிறகு எல்லையை மாற்றுவதுதான் முதல் தவறு. எல்லை 2-இல் இருக்கும்போது ஒரு டிராக் பதிவாகிறது. பிறகு ஸட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்கு ஒரு ஜாரு (வழுக்கிச் செல்லும் கமகம்) தேவைப்படுகிறது. அதற்கு 7 செமிடோன் வேண்டுமே என்று எல்லையை 12 ஆக்குகிறார்கள். பழைய எண்கள் மாறவில்லை, அவற்றின் பொருள் மாறிவிட்டது. ஸட்ஜமத்திலிருந்து சுத்த ரிஷபத்தைத் தொட்ட வளைவு, அதாவது நடுவிலிருந்து 4096 ஏறிய எண், இப்போது 6 செமிடோன் ஏறிப் பிரதி மத்யமத்தில் போய் நிற்கும்.

பழைய வளைவுகளை ஆறில் ஒன்றாகச் சுருக்கினால் சரியாகும். ஆனால் நடுப்புள்ளியை 0 என்று வைத்துத்தான் சுருக்க வேண்டும். 12288 என்ற எண்ணை நேரடியாக 6-ஆல் வகுத்தால் 2048 வரும். அது நடுவுக்குக் கீழே, சுரம் இறங்கிவிடும். முதலில் 8192-ஐக் கழித்து, வகுத்து, மறுபடி கூட்டினால் கிடைக்கும் 8875தான் சரியான இடம். புதிதாக வளைவு வரைவதற்கும் இதே கணக்கு: வேண்டிய செமிடோனை எல்லையால் வகுத்து 8192-ஆல் பெருக்குங்கள். எல்லை 12 என்றால் பஞ்சம ஜாருவுக்கு நடுவிலிருந்து 4779.

எல்லையை மிடியின் சிசி (கன்ட்ரோல் செய்தி) வழியாகவே மாற்றவும் வழி உண்டு: சிசி 101-க்கு 0, சிசி 100-க்கு 0, பிறகு சிசி 6-இல் செமிடோன் எண்ணிக்கை. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். 101, 100 இரண்டுக்கும் 127 அனுப்பி வாசலை மூட வேண்டும். மூடாவிட்டால், பின்னால் வேறு எதற்கோ வரும் சிசி 6 எல்லையை மாற்றிவிடும். இன்னொன்று, பல சாம்பிள் கருவிகள் இந்தச் செய்தியைக் கண்டுகொள்வதே இல்லை. அனுப்பிவிட்டோம் என்று நம்பாமல், வீலை முழுக்கத் தள்ளி டியூனரில் பாருங்கள்.

கண்டுகொள்ளாத கருவியில் உள்ளே போய்த்தான் மாற்ற வேண்டும். சாம்பிள் கருவியை விவரிக்கும் எஸ்எஃப்இசட் கோப்பில் மேலுக்கும் கீழுக்கும் தனித்தனி வரி உண்டு. அளவு சென்ட்டில் (செமிடோனில் நூறில் ஒரு பங்கு), எதுவும் எழுதாவிட்டால் 200. அங்கே 12 என்று எழுதிவிட்டு வீல் வேலை செய்யவில்லை என்று தேடுபவர்கள் உண்டு. 12 சென்ட் ஏறியது காதில் விழாது, எழுத வேண்டியது 1200. கான்டாக்ட் என்ற சாம்பிளர் மென்பொருளில் பிட்ச் பெண்ட் என்பது ஒரு குரூப்பின் (சாம்பிள் தொகுப்பின்) மாடுலேஷன். ஒரு மாடுலேட்டர் அதிகபட்சம் 12 செமிடோன் தரும். மேலும் வேண்டுமென்றால் இரண்டாவதைச் சேர்க்க வேண்டும். எல்லா குரூப்பையும் சேர்த்துத் திருத்தும் பொத்தானை அழுத்த மறந்தால் ஒரு குரூப் மட்டும் மாறும். அப்போது மெல்ல அடித்தால் 2, அழுத்தி அடித்தால் 12 என்று ஒரே சுரம் இரண்டு விதமாக வளையும். விரல் உரசும் சத்தம், விசை விழும் சத்தம் உள்ள குரூப்புகளை மட்டும் விட்டுவிடுங்கள். அவை வளைந்தால் வேடிக்கையாக இருக்கும்.

சரி, எதற்கு வம்பு, எல்லாவற்றையும் 24-இல் வைத்துவிடலாமே? அங்கேதான் சாம்பிள் தன் குணத்தைக் காட்டும். பெரும்பாலான கருவிகளில் சுரம் ஏறுவதென்பது, பதிவான ஒலியை வேகமாக ஓட்டுவதுதான். 2 செமிடோனுக்கு வேகம் 1.12 மடங்கு, காது மன்னித்துவிடும். 7-க்கு 1.5 மடங்கு, வயலின் சாம்பிளில் நொடிக்கு 5.5 முறை அசைந்த விப்ராட்டோ 8 முறைக்கு மேல் நடுங்கும், கருவியின் உடலே சிறுத்ததுபோல் கேட்கும். 12-க்கு 2 மடங்கு, 24-க்கு 4 மடங்கு. கீழே இறக்கினால் ஒலி மங்கும்: 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவானதை 12 செமிடோன் இறக்கினால் 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் மிஞ்சாது. டிஸ்கிலிருந்து ஓடும் சாம்பிள் என்றால் 24 செமிடோன் ஏற்றத்தில் நொடிக்கு நாலு மடங்கு தரவு படிக்க வேண்டும். வளைவின் உச்சியில் மட்டும் வரும் படபட சத்தத்துக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். முன்கூட்டியே ராமில் ஏற்றிவைக்கும் பஃபரைக் (ப்ரீலோட் பஃபர்) கூட்டுங்கள், அல்லது அந்தக் கருவியை முழுக்க ராமில் ஏற்றுங்கள்.

பெரிய எல்லை தேவைப்படாமலே தப்பிக்கலாம். தோடியின் காந்தாரம் சுத்த ரிஷபத்துக்கும் சுத்த மத்யமத்துக்கும் இடையே அசைகிறது, மொத்தம் 4 செமிடோன். ரிஷபத்தை அழுத்தி மேலே வளைத்தால் எல்லை 4 வேண்டும். காந்தாரத்தையே அழுத்தி இருபுறமும் அசைத்தால் 2 போதும். சாம்பிளும் இரண்டுக்கு மேல் இழுபடாது. எந்த சுரத்தை அழுத்துகிறோம் என்பதைப் பலர் யோசிப்பதே இல்லை.

எல்லை கூடினால் படியும் பெரிதாகும். 0 முதல் 16383 வரையிலான முழு 14 பிட் தரவில் கவலையில்லை, 12-இல் ஒரு படி 0.15 சென்ட்தான். ஆனால் சில மலிவான கீபோர்டுகள் 128 படிகளே அனுப்புகின்றன. எல்லை 2-இல் படிக்கு 3 சென்ட், 12-இல் கிட்டத்தட்ட 19 சென்ட். மெதுவான ஜாரு ஏணியில் ஏறுவதுபோல் கேட்கும்.

ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே வளைக்கவல்ல எம்பிஇ கீபோர்டு வைத்திருப்பவர்களுக்கு: அதில் ஒவ்வொரு சுரத்துக்கும் இயல்பான எல்லை 48. கருவி 2-இல் இருந்தால் பஞ்சமம் வரை விரலை இழுத்தாலும் 29 சென்ட்தான் நகரும். கீபோர்டு, கருவி இரண்டிலும் ஒரே எண் இருக்க வேண்டும்.

சாதாரண மிடியில் பெண்ட் சேனல் முழுக்கப் பாயும். அதே சேனலில் தம்பூரா ஓடினால் அதுவும் கூடவே வளையும். தனிச் சேனல் கொடுங்கள். விசையை விட்ட கையோடு வீலையும் விட்டால் அடங்கிக்கொண்டிருக்கும் வால் ஒலி சறுக்கும். நடுவுக்குத் திரும்பும் எண்ணை வால் அடங்கிய பின், அடுத்த சுரத்துக்குச் சற்று முன் வையுங்கள். பாட்டை நடுவில் நிறுத்தி வேறிடத்திலிருந்து ஓட்டும்போது சுருதி விலகியிருந்தால், கடைசி பெண்ட் எண் கருவியிலேயே தங்கிவிட்டது என்று பொருள். ஒவ்வொரு பகுதியின் தொடக்கத்திலும் ஒரு 8192 எழுதிவையுங்கள். கன்ட்ரோல்களை மீட்டமைக்கும் சிசி 121 அனுப்பினாலும் வீல் நடுவுக்கு வரும், ஆனால் நீங்கள் மாற்றிய எல்லை பழைய அளவுக்குத் திரும்பாது.