30,000 ரூபாய் நிதியில் ஆசிரியர்களுக்குப் புள்ளியியல் மென்பொருள் பயிற்சி நடத்துவது எப்படி?

கல்லூரி விதைநிதியோ வேறு சிறு மானியமோ, 30,000 ரூபாய் இருந்தால் 25 ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடத்திவிடலாம். கட்டண மென்பொருளுக்கு ஆண்டு உரிமம் வாங்குவதில் அந்தப் பணத்தைக் கரைக்க வேண்டாம். உரிமம் முடிந்த மறுநாள், கற்றதைச் செய்து பார்க்க வழியிருக்காது. ஜமோவி (jamovi) என்ற புள்ளியியல் மென்பொருள் இலவசம், ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியின் மேல் அமைந்தது, கட்டண மென்பொருளான எஸ்பிஎஸ்எஸ்-இன் (SPSS) பழைய கோப்புகளையும் திறக்கும்.

படி 1: பட்ஜெட்

பயிற்றுநர் மதிப்பூதியம் 10,000 (அமர்வுக்கு 2,000 வீதம் நான்கு, ஒரு மாதம் கழித்து இணையவழி சந்தேக அமர்வு ஒன்று). பயணம் 4,000. சாப்பாடு, தேநீர் 30 பேருக்கு நாளொன்றுக்கு 150 வீதம் 9,000. கையேடு அச்சிட 2,000, ஐந்து பென்டிரைவ் 2,000, இதர செலவு 3,000. எதைக் குறைத்தாலும் அந்த ஐந்தாவது அமர்வைக் குறைக்காதீர்கள். உண்மையான சந்தேகங்கள் சொந்தத் தரவில் கைவைத்த பிறகுதான் வரும்.

படி 2: முன்கூட்டியே நிறுவுதல்

25 பேரும் ஒரே நேரத்தில் பதிவிறக்கினால் வைஃபை படுத்துவிடும், காலை அமர்வு போய்விடும். நிறுவல் கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி, ஒரு வாரம் முன்பே ஆய்வகக் கணினிகளில் நிறுவுங்கள். அட்மின் கடவுச்சொல் தெரிந்த லேப் உதவியாளர் உடனிருக்க வேண்டும். டீப் ஃப்ரீஸ் (கணினியைப் பழைய நிலைக்கே திருப்பும் மென்பொருள்) போட்ட கணினியில் மறுதொடக்கம் செய்ததும் நிறுவியதெல்லாம் மறைந்துவிடும். அதை முதலில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

படி 3: தரவைச் சுத்தம் செய்தல்

பாதிப் பிரச்சினை இங்கேதான். மதிப்பெண் பத்தியில் ஒரே ஒரு கட்டத்தில் "ஆப்சென்ட்" என்று இருந்தாலும் ஜமோவி பத்தி முழுவதையும் எழுத்தாக எடுத்துக்கொள்ளும். பிறகு டி-டெஸ்டில் (இரு சராசரிகளை ஒப்பிடும் சோதனை) சார்மாறிப் பெட்டிக்குள், அதாவது ஒப்பிட வேண்டிய அளவுக்கான பெட்டிக்குள், அந்தப் பத்தியை இழுத்தால் ஏற்காது. வராதவர் கட்டத்தை வெறுமையாக விடுங்கள். பத்தித் தலைப்பில், எண் பத்தி என்று காட்டும் அளவுகோல் (ரூலர்) படம் தெரிகிறதா என்று பாருங்கள். "5-10" என்ற வயதுப் பிரிவை எக்செல் தேதியாக்கிவிடும். தட்டச்சு செய்வதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். மாணவர் பெயரையும் பதிவெண்ணையும் கட்டாயம் நீக்குங்கள்.

படி 4: இரண்டு நாள்

முதல் நாள் முழுக்கப் பொதுத் தரவு ஒன்றில் விவரணைப் புள்ளியியல், வரைபடம், டி-டெஸ்ட். இரண்டாம் நாள் அவரவர் தரவு. வலப்பக்க மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளியை அழுத்தி சின்டாக்ஸ் மோடைப் போட்டால், ஒவ்வொரு முடிவுக்கும் மேலே ஆர் நிரல் தெரியும். ஆர் கற்க விரும்புவோருக்கு இதைவிட எளிய வாசல் இல்லை.

படி 5: கணக்கு முடித்தல்

மதிப்பூதியத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ரொக்கமாக 5,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் ரசீதில் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். மத்திய அரசு மானியமென்றால் ஜிஎஃப்ஆர் (மத்திய அரசின் பொது நிதி விதிகள்) 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்பார்கள். எனவே வருகைப்பதிவு, பில், ஒப்புதல் ஆணை மூன்றையும் ஒரே கோப்பில் வையுங்கள். நிதியாண்டுக்குள் செலவழிக்க வேண்டிய பணம் என்றால் பயிற்சியை ஜனவரிக்குள் வையுங்கள். சந்தேக அமர்வின் மதிப்பூதியமும் மார்ச் 31-க்குள் கணக்கில் ஏறிவிடும்.