தேயிலை இலைக்குள் எட்டிப் பார்க்க: இரண்டு ஃபோட்டான் நுண்ணோக்கிக்கு முன் செய்ய வேண்டியவை

கோத்தகிரியில் இலையைப் பறித்து, மலையிறங்கி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உள்ளே ஆழமாகத் தெரியவில்லையா, உடனே லேசரைக் கூட்டாதீர்கள். பெரும்பாலும் கோளாறு இலையைத் தயார் செய்த விதத்தில்தான் இருக்கும்.

ஒரே கணத்தில் இரண்டு ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒரு மூலக்கூறு விழுங்க முடியும் என்று 1931-இலேயே மரியா கோப்பர்ட்-மேயர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார், ஆனால் அதை வைத்து நுண்ணோக்கி வர 1990 ஆகிவிட்டது. இதில் பயன்படும் அகச்சிவப்பு லேசர் ஒளி திசுவுக்குள் குறைவாகச் சிதறும், அது குவியும் இடத்தில் மட்டும்தான் ஒளிர்வு உண்டாகும். அதனால் ஒற்றை ஃபோட்டானை நம்பும் வழக்கமான கன்ஃபோகல் நுண்ணோக்கி கைவிடும் ஆழத்திலும் இது பார்க்கும்.

சரி, இலைக்கு வருவோம். காலையில் பறித்து, ஈரமான டிஷ்யூ பேப்பரில் சுற்றி, ஜிப் கவரில் போட்டு மூடுங்கள். நம் ஊர்க் குளிரில் பறித்த இலை மேட்டுப்பாளையம் வெயிலைக் கண்டதும் துவண்டுவிடும். அதற்குப் பயந்து ஐஸ் மேல் நேராக வைத்தாலும் செல்கள் கெட்டுவிடும்.

இப்போது முக்கியமான வேலை. இலைக்குள் செல்களுக்கு நடுவே காற்று நிறைந்திருக்கிறது, நீருக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் வேறு வேறு என்பதால் ஒளி ஒவ்வொரு இடுக்கிலும் திசைமாறிப் போகிறது. புது பிளேடால் 5 மி.மீ. துண்டு வெட்டி, ஊசி இல்லாத 10 மி.லி. சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோடு போட்டு, காற்றை வெளியே தள்ளி, முனையை விரலால் அடைத்துக்கொண்டு பிஸ்டனை இழுத்துப் பிடியுங்கள். இலை ஓரத்திலிருந்து பொடிப்பொடிக் குமிழ்கள் கிளம்பும். மெதுவாக விட்டுவிட்டு மறுபடி இழுங்கள். நாலைந்து தடவையில் வெளிர்பச்சை போய், நனைந்த துணி போல இலை கருத்து அடியில் மூழ்கும். மூழ்காத துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு வெட்டுங்கள், அதோடு மல்லுக்கட்டிப் பயனில்லை.

அப்புறம் ஆறினால் ஜெல்லி போல உறையும் 1 சதவீத அகரோஸ் கரைசலில் அசையாமல் பதியுங்கள், ஊற்றும்போது அது கை பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். லென்ஸ் 20 மடங்கு, நீரில் அமிழ்கிற வகை.

அலைநீளம் 760 நானோமீட்டர் வாக்கில் வைத்தால் செல்சுவர் நீலமாகவும் பச்சையம் சிவப்பாகவும் தனித்தனியே கிடைக்கும். மாதிரியின் மேல் சில மில்லிவாட்டில் ஆரம்பித்து, கீழே போகப்போகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். பச்சையம் சூட்டை வாங்கிக்கொள்ளும், திடீரென ஒரு இடம் பளீரென்று வெடித்துக் குமிழ் தெரிந்தால் அங்கே இலை வெந்துவிட்டது என்று அர்த்தம். தெரிவது இரண்டு ஃபோட்டான் ஒளிர்வுதானா என்று சந்தேகம் வந்தால் லேசர் சக்தியை இரட்டிப்பாக்கிப் பாருங்கள்: ஒளிர்வு நான்கு மடங்கானால்தான் அது இரண்டு ஃபோட்டான். இரண்டே மடங்கு என்றால் ஒளியை அளக்கும் டிடெக்டர் நிரம்பிவிட்டதா, வெளி வெளிச்சம் கசிகிறதா என்று தேடுங்கள்.

அறை கும்மிருட்டாக இருக்க வேண்டும். ஒரு முறை ஸ்கேன் நடுவே என் செல்போன் ஒளிர்ந்து, படம் முழுக்க வெள்ளைப் பட்டை விழுந்தது, அரை மணி நேர வேலை போச்சு. லேசர் கண்ணுக்குத் தெரியாது, அதற்குரிய பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் கருவியின் உறையைத் திறக்கவே கூடாது.

எல்லாம் சரியாக அமைந்தால், சிவப்புப் புள்ளிகளுக்கு நடுவே நட்சத்திரம் போலக் கிளைவிட்ட தடித்த சுவருள்ள செல்கள் நீலமாகத் தெரியும். கலப்படத் தேயிலையைப் பிடிக்க அந்தக் காலத்திலிருந்தே இவற்றைத்தான் தேடுவார்கள். முற்றின இலையில்தான் இவை அதிகம். கொழுந்தில் தேடிக் கருவி நேரத்தை வீணாக்காதீர்கள்.