ஊர் டிவியில் படம் நின்று நின்று ஓடுகிறதா? கார்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கம்ப்யூட்டர் சென்னையில், டிவி ஊரில் அப்பா அம்மா வீட்டில். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்குகள், கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, ஜெல்லிஃபின் அல்லது ப்ளெக்ஸ் (கம்ப்யூட்டரில் உள்ள படங்களை டிவிக்கு அனுப்பும் மென்பொருள்கள்) போட்டு அங்கே ஓட வைக்க வேண்டும். இந்த ஆசையோடு புதிதாக யாராவது வந்துகொண்டே இருக்கிறார்கள். நாங்கள் ஆரம்பத்தில் விழுந்த அதே குழிகளில்தான் அவர்களும் விழுகிறார்கள். பாஸ்வேர்டு மறந்தது, கேபிள் கழன்றது மாதிரி சமாச்சாரங்களை இங்கே விட்டுவிடுகிறேன்.

படம் திணறியதும் கிராபிக்ஸ் கார்டு வாங்குவது

எத்தனை முறை பார்த்தாலும் எரிச்சல் அடங்காத தவறு இது. ஆபீஸில் ஒரு தம்பி. தூத்துக்குடியில் இருக்கும் அப்பாவுக்காக எல்லாம் செட் செய்திருந்தார். பத்து நொடி படம் ஓடும், அப்புறம் வட்டம் சுற்றும். பதினைந்தாயிரம் ரூபாய்க்கு மேல் போட்டு கார்டு வாங்கிவிட்டு வந்து, "அண்ணே, கார்டு போட்டும் சுத்துது" என்றார்.

"ப்ளேபேக் இன்ஃபோவில் என்ன போட்டிருக்கு?"

"அது எங்கே இருக்கு?"

படம் ஓடும்போது பல்சக்கர ஐகானைத் தட்டினால் வரும் ஒரு சின்னப் பெட்டி அது. டைரக்ட் ப்ளே என்றிருந்தால் கம்ப்யூட்டர் ஃபைலை அப்படியே அனுப்புகிறது, டிவியே பிரித்துக் காட்டுகிறது. அதற்குப் பத்து வருடப் பழைய லேப்டாப்பே போதும். ட்ரான்ஸ்கோடிங் என்றிருந்தால் கம்ப்யூட்டர் ஒவ்வொரு பிரேமையும் பிரித்து, மறுபடி என்கோட் செய்து, அதாவது வேறு வடிவில் சுருக்கி, அனுப்புகிறது. ஏன் அப்படிச் செய்கிறது என்ற காரணமும் அதே பெட்டியில் இருக்கும். தம்பியின் படத்துக்கு இருந்த காரணம் ஒன்றே ஒன்று: சப்டைட்டில்.

ப்ளூ-ரே டிஸ்க்கில் வரும் சப்டைட்டில் எழுத்து அல்ல, படம். ஒவ்வொரு வசனமும் ஒரு குட்டிப் படமாகச் சேமிக்கப்பட்டிருக்கும். டிவியில் உள்ள ஆப்புக்கு அதை வீடியோ மேல் தனியாகப் போடத் தெரியாவிட்டால், சர்வர், அதாவது படத்தை அனுப்பும் உங்கள் கம்ப்யூட்டர், அதைப் பிரேமிலேயே பதித்துவிடும். பதித்த பிறகு அது வேறு பிரேம், ஆக முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்தாக வேண்டும். படம் 4கே என்றால் பிராசஸர் மூச்சுத் திணறும்.

"நான் சப்டைட்டிலே ஆன் பண்ணலையே அண்ணே" என்றார். எல்லாரும் இதைத்தான் சொல்வார்கள். நீங்கள் ஆன் செய்ய வேண்டியதே இல்லை. எம்கேவி ஃபைலில் (படம், ஒலி, சப்டைட்டில் எல்லாம் ஒன்றாக இருக்கும் ஃபைல்) அந்த சப்டைட்டிலுக்கு 'டீஃபால்ட்' என்று குறி இருந்தால் பெரும்பாலும் அது தானாக ஓடும்.

சரி செய்யச் சில நிமிடம் போதும். எம்கேவிடூல்நிக்ஸ் என்ற இலவச மென்பொருளில் ஹெடர் எடிட்டரைத் திறந்து, அந்தக் குறியை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். ஃபைலை மறுபடி உருவாக்க வேண்டியதில்லை. சப்டைட்டில் கட்டாயம் வேண்டும் என்றால் எஸ்ஆர்டி வகை எழுத்து ஃபைலைப் படத்தின் பெயரிலேயே பக்கத்தில் வையுங்கள். படமாக இருப்பதை எழுத்தாக மாற்ற 'சப்டைட்டில் எடிட்' இருக்கிறது. தமிழ் எஸ்ஆர்டி கிறுக்கலாகத் தெரிந்தால் நோட்பேடில் திறந்து யுடிஎஃப்-8 ஆகச் சேமித்துப் பாருங்கள்.

தம்பியின் கம்ப்யூட்டரில் குறியை எடுத்ததும் படம் டைரக்ட் ப்ளேயில் ஓடியது, பிராசஸர் சும்மா கிடந்தது. கடைசியில் இன்னொன்றும் தெரிந்தது. ஜெல்லிஃபினில் ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன் (என்கோட் வேலையைக் கார்டிடம் ஒப்படைக்கும் வசதி) நாமாகப் போய் ஆன் செய்யும்வரை அணைந்தே இருக்கும், அவர் அந்தப் பக்கமே போகவில்லை. புதுக் கார்டு ஒரு பிரேமைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

சில படங்களில் காரணம் ஆடியோ என்று வரும். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ் என்ற ஆடியோ வகைக்கான ஆதரவை எடுத்துவிட்டது. அப்போது ஒலி மட்டும்தான் மாற்றப்படும், வீடியோ தொடப்படாது. எந்தக் கம்ப்யூட்டருக்கும் லேசான வேலை அது, பயப்பட ஒன்றுமில்லை.

உண்மையிலேயே ட்ரான்ஸ்கோடிங் தேவைப்பட்டால்கூடத் தனிக் கார்டு வேண்டியதில்லை. இன்டெல் சிப்பிலேயே இருக்கும் குவிக் சிங்க் (வீடியோவை மாற்றுவதற்கென்றே உள்ள பகுதி) போதும். ஏழாம் தலைமுறை முதல் 10-பிட் ஹெச்இவிசி என்ற வீடியோ வகையையும் (4கே படங்களில் வழக்கமாக வருவது) சமாளிக்கும். என்100 சிப் உள்ள மினி பிசி ஒன்று ஒரு குடும்பத்துக்குத் தாராளம். ஒரே எச்சரிக்கை: பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசஸர்களில் உள் கிராபிக்ஸ் கிடையாது, குவிக் சிங்க்கும் கிடையாது. கொஞ்சம் மலிவு என்று அதைத் தேடி வாங்குபவர்களை என்ன சொல்ல.

டவுன்லோடு வேகத்தைப் பார்த்துத் திருப்தி அடைவது

படம் உங்கள் வீட்டிலிருந்து வெளியே போகிறது. ஆகவே பார்க்க வேண்டியது உங்கள் அப்லோடு. ஃபைபர் இணைப்புகளில் இரண்டும் பெரும்பாலும் சமமாக இருக்கும், கேபிள் டிவிக்காரர் தரும் இணைப்பில் அப்லோடு அடிமட்டத்தில் இருக்கலாம்.

கணக்கு எளிது. 20 ஜிபி ஃபைல், இரண்டரை மணி நேரப் படம் என்றால் சராசரி கிட்டத்தட்ட 18 எம்பிபிஎஸ். சண்டைக் காட்சியில் அது இரண்டு மடங்குக்குக்கூட எகிறும். 20 எம்பிபிஎஸ் அப்லோடு வைத்துக்கொண்டு இந்த ஃபைலை அனுப்பினால் பாட்டு நன்றாக ஓடும், கிளைமாக்ஸ் நின்றுவிடும். முன்கூட்டியே சின்ன ஃபைலாக ஒரு பிரதி எடுத்து வைத்தால் தீர்ந்தது.

ரவுட்டரில் போர்ட்டைத் திறந்துவிடுவது

போர்ட் என்பது வெளியிலிருந்து கம்ப்யூட்டருக்குள் வரும் வாசலின் எண்: ஜெல்லிஃபினுக்கு 8096, ப்ளெக்ஸுக்கு 32400. எங்கோ படித்துவிட்டு ரவுட்டரில் இதைத் திறந்துவைத்து, ஏன் வேலை செய்யவில்லை என்று ராத்திரி முழுக்க மண்டையை உடைத்துக்கொள்வார்கள். முதலில் ரவுட்டர் பக்கத்தில் வான் ஐபியை (இணைய நிறுவனம் உங்கள் ரவுட்டருக்குத் தந்த முகவரி) பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுத் தருகிறது. எத்தனை போர்ட் திறந்தாலும் ஐபிவி4 (பழைய வகை இணைய முகவரி) வழியாக வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது.

அப்படி இல்லாமல் வேலை செய்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரின் கதவை ஊர் உலகமே தட்டிப் பார்க்கும். 2022-இல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்தில் நடந்த பெரிய திருட்டில், பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய ப்ளெக்ஸ்தான் நுழைவழியாக இருந்தது. அந்த ஓட்டைக்கான திருத்தம் 2020-லேயே வந்துவிட்டது, அவர் அப்டேட் செய்யவில்லை, அவ்வளவுதான். பாஸ்வேர்டைப் பாதுகாக்கும் நிறுவனத்தின் ஆளுக்கே இந்தக் கதி.

டெயில்ஸ்கேல் போடுங்கள், தூரத்தில் இருக்கும் சாதனங்களை ஒரே தனி நெட்வொர்க்கில் இணைக்கும் மென்பொருள் அது. வீட்டுக் கம்ப்யூட்டரிலும் டிவி பக்கத்திலும் ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் ஒரே வீட்டில் இருப்பதுபோல் பேசிக்கொள்ளும், போர்ட் திறக்க வேண்டாம், தனிப்பட்ட உபயோகத்துக்கு இலவசம். சாம்சங், எல்ஜி டிவிகளின் சொந்த சிஸ்டத்தில் இது ஓடாது. ஆண்ட்ராய்டு டிவி ஸ்டிக் ஒன்று குத்திக்கொள்ளுங்கள்.

இதில் பலர் கோட்டைவிடும் இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு சாதனத்தின் சாவியும் (நெட்வொர்க்கில் நுழையும் அனுமதி) வழக்கமாக 180 நாளில் காலாவதி ஆகும். ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா போன் செய்து "டிவியில படம் வரலப்பா" என்பார். அட்மின் பக்கத்தில் அந்த ஸ்டிக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் 'கீ எக்ஸ்பைரி'யை இப்போதே அணைத்துவிடுங்கள்.

ப்ளெக்ஸ் இலவசம் என்று நினைப்பது

வீட்டுக்குள் ஆம். வெளியிலிருந்து பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் கடைசியிலிருந்து சந்தா வேண்டும்.

கம்ப்யூட்டர் தூங்கப் போவது

ஸ்லீப்பை அணையுங்கள்.

வருடம் போடாமல் பெயர் வைப்பது

'விக்ரம்' என்று மட்டும் ஃபைலுக்குப் பெயர் வைத்தால் 1986 படத்துக்கு 2022 படத்தின் போஸ்டர் வந்து உட்காரும். இரண்டிலும் கமல்தான் என்பதால் அப்பா கண்டுபிடிக்கவும் நேரமாகும். பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறிக்குள் வருடம் போடுங்கள்.

வீட்டு வைஃபையிலேயே சோதிப்பது

ஸ்டிக்கை வீட்டு டிவியில் குத்தி, வீட்டு வைஃபையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று கொரியரில் போட்டுவிடுவார்கள். அங்கே ஓடாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, ஸ்டிக்கை அதில் இணைத்து, மொபைல் டேட்டாவில் ஒரு முழுப் பாட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது கம்ப்யூட்டரில் 'டெயில்ஸ்கேல் ஸ்டேட்டஸ்' கட்டளையில் 'டைரக்ட்' என்று வருகிறதா, 'ரிலே' என்று வருகிறதா என்று கவனியுங்கள். ரிலே என்றால் இடையில் வேறு சர்வர் சுற்றி வருகிறது, வேகம் குறையும். ஊர் வைஃபையில் இது மாறலாம் என்பதால் ஸ்டிக் அங்கே போய்ச் சேர்ந்ததும் இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் ரிலேதான் என்றால் ஊர் ரவுட்டரில் ஐபிவி6 (புது வகை இணைய முகவரி) அணைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். பல நேரம் அதை ஆன் செய்தாலே நேரடி இணைப்பு கிடைத்துவிடும்.