அஞ்சு நிமிஷ ஸ்கேனுக்குள்ள மூளை கனெக்‌ஷன் மாறுறத அளக்குறது எப்படி (ஸ்கிசோஃப்ரினியா, அதாவது மனச்சிதைவு நோய் டேட்டா வச்சு)

மூளைல ரெண்டு ஏரியாவோட சிக்னல் ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்குச்சுன்னா அதுங்களுக்குள்ள தொடர்பு இருக்குன்னு எடுத்துக்கறோம், 1995ல பிஸ்வால் டீம் சும்மா படுத்திருந்தவங்களோட இடது வலது மோட்டார் ஏரியா ரெண்டும் சேர்ந்தே ஆடுதுன்னு எஃப்எம்ஆர்ஐல (மூளைல ரத்தம் மாறுறத வச்சு அதோட வேலையப் பாக்குற ஸ்கேன்) காட்டுனதுல இருந்து இதான் வழக்கம். ஆனா மொத்த ஸ்கேனுக்கும் ஒரே கோரிலேஷன் (ரெண்டு சிக்னல் எவ்ளோ சேர்ந்து ஆடுதுன்ற எண்) எடுத்தா அது வெறும் ஆவரேஜ், நடுவுல சேர்ந்தது பிரிஞ்சது எதுவும் அதுல தெரியாது. அந்த நடுவுல நடக்குறதத்தான் இங்க பாக்கப்போறோம். மருந்துக்கு முன்ன, ஆறு மாசம் கழிச்சுன்னு பாக்குறது வேற சமாச்சாரம், அத இப்ப தொடல.

டேட்டாவுக்கு அலைய வேணாம். ஓப்பன்நியூரோன்ற இலவச மூளை டேட்டா சைட்டுல டிஎஸ்000030ன்னு இங்கிலீஷ் எழுத்துல அடிச்சா யூசிஎல்ஏ யுனிவர்சிட்டியோட டேட்டா வரும், நோய் இல்லாதவங்க 130 பேர், ஸ்கிசோஃப்ரினியா 50 பேர், பைபோலார், ஏடிஹெச்டி ஆளுங்களும் இருக்காங்க. ரெஸ்ட் ஸ்கேன் (சும்மா படுத்திருக்கும்போது எடுக்குறது) ஒருத்தருக்கு 304 செகண்ட், 2 செகண்டுக்கு ஒரு படம், ஆக 152 படம். எல்லாருக்கும் ரெஸ்ட் ஸ்கேன் இருக்காது, மொதல்ல அத எண்ணிருங்க.

க்ளீன் பண்றதுக்கு எஃப்எம்ஆர்ஐபிரெப்ன்ற சாஃப்ட்வேர ஓட விட்டு தூங்கப் போயிருங்க. காலைல வந்து ஒவ்வொருத்தரோட கன்ஃபவுண்ட்ஸ் ஃபைலத் (சிக்னலக் கெடுக்குற விஷயங்களோட பட்டியல்) திறந்து ஒவ்வொரு படத்துக்கும் தலை எவ்ளோ ஆடிருக்குன்ற வரிசையக் கண்ணால பாருங்க, 0.5 மில்லிமீட்டர தாண்டுற இடமெல்லாம் குறிச்சு வைங்க. நோயாளிங்க தலை பொதுவா கொஞ்சம் ஜாஸ்தி ஆடும், அந்த ஆட்டமே கோரிலேஷன மாத்திரும், அப்புறம் நீங்க நோயையா அளந்தீங்க ஆட்டத்தையா அளந்தீங்கன்னு உங்களுக்கே தெரியாது. குளோபல் சிக்னல (மொத்த மூளையோட ஆவரேஜ் சிக்னல்) கழிச்சு எடுக்கலாமா கூடாதான்னு பெரிய சண்டை ஓடுது, எடுத்து ஒரு தடவ எடுக்காம ஒரு தடவ ஓட்டிப் பாத்துருங்க.

மூளைய ஏரியா ஏரியாவாப் பிரிக்க ஷேஃபர் அட்லஸ்ன்ற மூளை மேப்போட 100 ஏரியா போதும், நைலேர்ன்ற பைத்தான் லைப்ரரிலயே கிடைக்கும். ஒரே ஒரு விஷயம், அது மேல இருக்குற கார்ட்டெக்ஸ் மட்டும்தான், மூளைக்கு உள்ள ஆழத்துல இருக்குற தலாமஸ் அதுல கிடையாது. ஸ்கிசோஃப்ரினியால தலாமஸுக்கும் சென்சரி ஏரியாவுக்கும் நடுவுலதான் திரும்பத் திரும்ப வித்தியாசம் சொல்றாங்க, அத விட்டுட்டு வேலை பாத்தா கல்யாணத்துக்குப் போய் சாப்பிடாம வந்த மாதிரி. வேற சப்கார்ட்டிகல் (கார்ட்டெக்ஸுக்கு கீழ உள்ள) அட்லஸ்ல இருந்து எடுத்து சேத்துக்கோங்க.

இப்ப விண்டோ. மொத சில படத்துக்கு கோரிலேஷன், ஒரு படம் தள்ளி திரும்ப, இன்னொரு படம் தள்ளி திரும்பன்னு கடைசி வரைக்கும் போறதுதான் ஸ்லைடிங் விண்டோ. எவ்ளோ நீளம் வைக்கணும்? சிக்னல்ல இருக்குற மிக மெதுவான அலை ஒரு சுத்தாவது விண்டோவுக்குள்ள முடியணும், இல்லன்னா இல்லாத மாற்றம்லாம் இருக்குற மாதிரி காட்டும். 0.01 ஹெர்ட்ஸ் வரைக்கும் விட்டா 100 செகண்ட் வேணும், நம்ம 304 செகண்ட்ல அது மூணுதான் வரும். 0.02க்கு கீழ வெட்டிட்டா 50 செகண்ட், அதாவது 25 படம் போதும். அப்ப 128 விண்டோ வரும், பாக்க ஜோரா இருக்கும், ஆனா பக்கத்து பக்கத்து விண்டோ 24 படத்த பகிர்ந்துக்குது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாத விண்டோன்னு எண்ணினா ஆறுதான். 128 சாம்பிள்னு நினைச்சு புள்ளிவிவரம் போட்டுறாதீங்க. விண்டோவோட ரெண்டு ஓரத்தையும் சரிவா வைங்க (ஓரத்து படத்துக்கு கம்மி எடை), கோரிலேஷன ஃபிஷர் இசட்டா (புள்ளிவிவரத்துக்கு தோதான அளவு) மாத்திக்கோங்க.

எல்லார் விண்டோவையும் ஒண்ணாக் கொட்டி கே-மீன்ஸ் (ஒரே மாதிரி இருக்குறத குரூப் குரூப்பா பிரிக்கிற முறை) ஓட்டினா நாலஞ்சு ஸ்டேட், அதாவது திரும்பத் திரும்ப வர்ற தொடர்பு வடிவம், கிடைக்கும். நோயாளிய தனியா மத்தவங்கள தனியா கிளஸ்டர் பண்ணா ரெண்டையும் ஒப்பிடவே முடியாது. அப்புறம் ஒவ்வொருத்தரும் எந்த ஸ்டேட்ல எவ்ளோ நேரம் இருந்தாங்க, எத்தன தடவ தாவுனாங்கன்னு எண்ணுங்க. 2014ல தாமராஜு டீம் 151 நோயாளி, 163 நோயில்லாதவங்கள வச்சுப் பாத்தப்ப நோயாளிங்க தொடர்பு வலுவா இருக்குற ஸ்டேட்ல கம்மி நேரமும் தளர்வான ஸ்டேட்ல ஜாஸ்தி நேரமும் இருந்தாங்க.

இதே மாதிரி எனக்கும் ஒரு தடவ அழகா வந்துச்சு, நோயாளிங்க ஜாஸ்தி தாவுறாங்கன்னு ஸ்லைடே போட்டுட்டேன், கலரெல்லாம் குடுத்து. அதுக்கப்புறம்தான் போலி டேட்டா டெஸ்ட் பண்ணேன் (தல கீழ வேலை, தெரியும்). சிக்னல ஃபூரியர் பண்ணி (அலை அலையாப் பிரிச்சு) ஃபேஸ (ஒவ்வொரு அலையும் எங்க ஆரம்பிக்குதுன்றது) மட்டும் கலைச்சுட்டு திரும்ப சேக்கணும், எல்லா ஏரியாவுக்கும் ஒரே ராண்டம் ஃபேஸ் குடுக்கணும், அப்பதான் மொத்த ஸ்கேனோட கோரிலேஷன் அப்படியே நிக்கும், நேரத்துல மாறுற தொடர்பு மட்டும் போயிரும். ஏரியாவுக்கு ஒரு ஃபேஸ் குடுத்தா கோரிலேஷனே செத்துரும், அதோட ஒப்பிட்டா உங்க டேட்டால எல்லாமே பிரமாதமாத் தெரியும், நெறைய பேர் வழுக்குற இடம் இதான். நான் ஒழுங்கா பண்ணப்ப போலி நோயாளிங்களும் அதே அளவு ஜாஸ்தி தாவுனாங்க. மிச்சமிருந்த ஒரு ஸ்டேட்ட நோண்டுனா அதுல பாதி விண்டோ தலை ஆடுன இடம். ஸ்லைட அழிச்சேன்.

தூக்கத்தையும் கணக்குல வைங்க. 2014ல வந்த ஒரு ஆய்வுல ரெஸ்ட் ஸ்கேன்ல மூணு நிமிஷத்துக்குள்ளயே மூணுல ஒருத்தருக்கு முழிப்பு போயிருச்சு, ஸ்கிசோஃப்ரினியா மருந்து பலது வேற தூக்கம் வர வைக்கும். நீங்களே ஸ்கேன் எடுக்குறதா இருந்தா கண் கேமரா ஓட விடுங்க. ரெடிமேட் டேட்டான்னா மொத ரெண்டு நிமிஷத்த மட்டும் எடுத்து குரூப் வித்தியாசம் அப்பவும் இருக்கான்னு பாருங்க, சாம்பிள் கம்மிதான், இருந்தாலும் பாருங்க. கடைசி மாடல்ல வயசு, ஆண் பெண், ஆவரேஜ் தலை ஆட்டம் மூணும் போகணும், மருந்து அளவ க்ளோர்ப்ரோமசீன் கணக்குக்கு (அந்த பழைய மருந்து எவ்ளோவுக்கு சமம்னு) மாத்தி நோயாளிங்களுக்குள்ள மட்டும் தனியா பாக்கணும், ஏன்னா நோயில்லாதவங்க அந்த மாதிரி மருந்த சாப்புடல. விண்டோ நீளத்த 22, 25, 30 படம்னும் ஸ்டேட் எண்ணிக்கைய 3ல இருந்து 7 வரைக்கும் மாத்தியும் ஓட்டி எல்லா ரிசல்ட்டையும் ஒரே டேபிள்ல போடுங்க, பிடிக்காததையும் சேத்து.